மழை மட்டும் போதாது: வெனிலா எங்கே பூக்கும்?

பனிக்கூழ் கடையில் எந்தச் சுவை வேண்டும் என்று கேட்டால், முடிவெடுக்கத் தெரியாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் "வெனிலா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். எதுவும் சேர்க்காத வெறும் சுவை அது என்பது பலருடைய எண்ணம். உண்மையில், குங்குமப்பூவுக்கு அடுத்தபடியாக உலகில் விலை உயர்ந்த நறுமணப் பொருள் வெனிலாதான்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. சில கடைகளில் "வெண்ணிலா" என்று எழுதிவைத்திருப்பார்கள். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளை நிலவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஸ்பானிய மொழியில் "சிறிய உறை" என்று பொருள்படும் வைனில்லா என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கத்தியுறை போல நீண்டு தொங்கும் காயைப் பார்த்து வைத்தது. பதப்படுத்திய காய் நிலவைப் போல வெள்ளையாக இருக்காது. கருப்பட்டி நிறத்தில் எண்ணெய் பூசியதுபோல் மினுமினுக்கும்.

வீட்டில் இருக்கும் பனிக்கூழ் டப்பாவையோ பிஸ்கட் பொட்டலத்தையோ திருப்பிப் பாருங்கள். "பெரிசா வெனிலா" என்று மலாய் மொழியில் போட்டிருந்தால், அதில் வெனிலாச் செடி சிறிதும் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த மணத்துக்குக் காரணமான வெனிலின் என்ற சேர்மத்தை 1874-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஊசியிலை மரத்திலிருந்து கிடைத்த ஒரு பொருளைக்கொண்டு தயாரித்துவிட்டார்கள். இன்று உலகம் சுவைக்கும் வெனிலாச் சுவையில் மிகப் பெரும்பகுதி ஆலைகளிலிருந்து வருவதுதான். உண்மையான காய் அவ்வளவு அரிது.

ஏன் அரிது? நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கிறது, மழை கொட்டுகிறது. வெனிலாவோ வெப்பமண்டலச் செடி. அப்படியானால் ரப்பரும் செம்பனையும் வளர்ந்ததுபோல் வெனிலாவும் இங்கே ஏக்கர் கணக்கில் படர்ந்திருக்க வேண்டாமா? உலகச் சந்தைக்கு வரும் வெனிலாவில் பாதிக்கும் மேல், இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில் உள்ள மடகாஸ்கர் தீவிலிருந்து, அதிலும் அதன் வடகிழக்கு மூலையிலுள்ள சாவா என்ற ஒரே வட்டாரத்திலிருந்து வருவது ஏன்?

இதற்கு விடை தேட, அந்தச் செடி எப்படி வாழ்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்ணிலும் மரத்திலுமாக

வெனிலா ஓர் ஆர்கிட் கொடி. சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமுக்கு உறவு. அதன் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். மெக்சிகோவின் கிழக்குக் கடற்கரையில் வெராக்ரூஸ் மாநிலத்தின் பப்பாந்த்லா பகுதியில் வாழும் டொட்டொனாக் மக்கள் நூற்றாண்டுகளாக இதை வளர்த்து வருகிறார்கள்.

அங்குள்ள காட்டில் வெனிலாக் கொடி, தரையில் மக்கிக் கிடக்கும் இலைக்குவியலில் வேர்விட்டு, பக்கத்து மரத்தைப் பற்றி ஏறும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு தடித்த இலை. அதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு காற்றுவேர். அந்த வேர் மரப்பட்டையைப் பிடித்துக்கொள்ளும். பட்டையில் வழியும் மழைநீரையும் உறிஞ்சும். மரத்தின் சாற்றை அது தொடுவதே இல்லை, ஆகவே இது ஒட்டுண்ணி அல்ல. பாதி தரைச்செடி, பாதி தொற்றுத்தாவரம். தரையோடு உள்ள தொடர்பு அறுந்துபோனாலும் காற்றுவேர்களை நம்பிக் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கும்.

மரத்தின்மேல் வாழ்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மழைக்காட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று நமக்குத் தோன்றும். ஆனால் மரப்பட்டை மண்ணைப்போல் நீரைச் சேமித்து வைக்காது. மழை நின்று வெயில் வந்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஈரமான காட்டுக்குள்ளேயே ஒரு சின்னப் பாலைவனம் என்று சொல்லலாம். வெனிலா அதற்கேற்றபடி பாலைவனச் செடிகளின் உத்தி ஒன்றைக் கையாள்கிறது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். அப்போது நீராவி வெளியே போய்விடும். வெனிலா பகலில் துளைகளை ஏறக்குறைய மூடிவைத்து, குளிர்ச்சியான இரவில் திறக்கிறது. இரவில் ஒளி கிடையாதே, ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கும்? உள்ளே வந்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி உயிரணுக்களின் நுண்குமிழ்களில் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் அந்த அமிலத்திலிருந்து கரியமில வாயுவை விடுவித்து, மூடிய இலைக்குள்ளேயே மாவுச்சத்து தயாரிக்கிறது. இதைக் கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம் என்பார்கள். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். நீங்கள் தின்னும் அன்னாசியும் டிராகன் பழமும் இதே உத்தியில் வளர்பவைதான்.

இந்த உத்தியின் சுவடு 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நாக்கில் பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் பகல் ஏற ஏறப் புளிப்பு மறைவதையும் கவனித்து 1813-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இரவெல்லாம் சேர்ந்த அமிலத்தைத்தான் அவர் ருசித்திருக்கிறார். நீங்கள் ருசி பார்க்க வேண்டாம், அந்த இலையில் நச்சுத்தன்மையும் உண்டு. காலையில் பறித்த இலையையும் மாலையில் பறித்த இலையையும் தனித்தனியே நசுக்கி, சாற்றை அமிலச் சோதனைத் தாளில் தொட்டு ஒப்பிட்டால் போதும்.

நீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் இந்த முறைக்கு விலையும் உண்டு. இலை மெதுவாகத்தான் உணவு தயாரிக்கும். நட்ட கொடி பூக்க ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். காட்டு நிழலில் பழகிய செடி என்பதால் உச்சி வெயிலை நேரடியாகத் தாங்காது, இலை மஞ்சளாகிக் கருகும். நிழல் மிகுந்தாலும் கொடி நீளுமே தவிரப் பூக்காது. அதனால் விவசாயிகள் பாதி ஒளி, பாதி நிழல் என்ற கணக்கில் தாங்குமரங்களை வைத்து, கிளைகளை அவ்வப்போது கவாத்து செய்வார்கள். வெப்பநிலை 20 பாகை முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது. மெக்சிகோவில் 32 பாகைக்கு மேல் வெப்பம் ஏறி, காற்றின் ஈரமும் குறையும் ஆண்டுகளில், பிஞ்சுகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிடுகின்றன.

எவ்வளவு மழை என்பதைவிட எப்போது மழை

வெனிலாவுக்கு ஆண்டுக்கு 1,500 முதல் 3,000 மில்லிமீட்டர் வரை மழை வேண்டும். சிங்கப்பூரில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. மலேசியாவின் பல இடங்களில் அதைவிட அதிகம். கணக்குப்படி பார்த்தால் நாம் தேர்ச்சி பெற்றுவிட்டோம்.

ஆனால் கேள்வித்தாளில் இன்னொரு பகுதி இருக்கிறது. அந்த மழை சுமார் 10 மாதங்களில் பரவலாகப் பெய்து, மீதி 2 மாதங்கள் குறைய வேண்டும். அந்த இடைவெளியில் கொஞ்சம் குளிர்ச்சியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. நீர் தாராளமாகக் கிடைக்கும்வரை கொடி இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். வறட்சி வந்து வளர்ச்சி தடைப்படும்போதுதான் இலைக்கணுவில் உறங்கும் மொட்டுகள் பூங்கொத்துகளாக மாறுகின்றன. வாழ்க்கை வசதியாக இருக்கும்வரை அடுத்த தலைமுறையைப் பற்றி இந்தச் செடி கவலைப்படுவதில்லை!

உலகப்படத்தை எடுத்து, பெயர்பெற்ற வெனிலா வட்டாரங்களைப் புள்ளியிட்டுப் பாருங்கள். பப்பாந்த்லா வடக்கே சுமார் 20 பாகையில் இருக்கிறது. மடகாஸ்கரின் சாவா தெற்கே 14, 15 பாகையில். அதற்குக் கிழக்கேயுள்ள ரியூனியன் தீவு தெற்கே 21 பாகையில். பசிபிக் கடலில் தாஹித்தி வெனிலா விளையும் தீவுகள் தெற்கே சுமார் 17 பாகையில். எதுவுமே பூமத்திய ரேகையின்மேல் இல்லை. வெப்பமண்டலத்துக்குள் இருந்தாலும், பருவமாற்றம் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கொஞ்சம் விலகி இருக்கின்றன. நம் அண்டை நாடான இந்தோனேசியாவும் பெரிய உற்பத்தியாளர்தான். அங்கும் ஜாவா, பாலி போன்ற தெற்குத் தீவுகளில் ஆண்டின் நடுவில் வறண்ட பருவம் ஒன்று தவறாமல் வருகிறது.

ஒரு விதிவிலக்கு உகாண்டா. பூமத்திய ரேகையே அந்த நாட்டுக்குள் ஓடுகிறது. ஆனால் அங்கு ஆண்டுக்கு 2 மழைக்காலங்கள், அவற்றுக்கிடையே 2 வறண்ட இடைவெளிகள். விளைவு? வெனிலா ஆண்டுக்கு 2 முறை பூக்கிறது, 2 முறை அறுவடையும் நடக்கிறது. பூப்பதற்கான அறிவிப்பைக் கொடுப்பது வறட்சிதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சாவா வட்டாரத்தின் நாள்காட்டியைப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரமான வணிகக்காற்று மடகாஸ்கரின் கிழக்கு மலைச்சரிவில் மோதி மேலெழும்பிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. அதே காற்று மலையைத் தாண்டும்போது வறண்டுவிடுவதால், தீவின் மேற்குப் பகுதி காய்ந்து கிடக்கும். வெனிலா முழுக்க முழுக்கக் கிழக்குப் பக்கத்துப் பயிர். ஆண்டின் நடு மாதங்களில் அங்கே குளிர்ச்சி. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை குறையும். அதையொட்டி ஆண்டின் கடைசி மாதங்களில் பூக்கும். பிறகு டிசம்பர் முதல் மார்ச் வரை பெருமழை பெய்யும். பிஞ்சு விறுவிறுவென நீள்வதற்குத் தேவையான நீர் சரியான நேரத்தில் கிடைத்துவிடும். காய் முற்ற 8, 9 மாதங்கள் ஆவதால், ஜூன், ஜூலை வாக்கில் அறுவடை.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே புயல்காலம். காய் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் புயலும் வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

காலடியில் இருப்பது

என் மாணவர்களிடம் "செடிக்கு நல்ல மண் எது?" என்று கேட்டால், "சத்துள்ள மண், டீச்சர்" என்று ஒரே குரலில் பதில் வரும். வெனிலாவைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. அந்த மண்ணில் காற்று இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

வேர்களும் சுவாசிக்கின்றன. மண்துகள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில் இருக்கும் உயிர்வளிதான் அவற்றுக்கு ஆதாரம். மழைநீர் வடியாமல் தேங்கினால் அந்த இடைவெளிகளை நீர் நிரப்பிவிடும். காற்றில் பரவுவதைவிட நீருக்குள் உயிர்வளி சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். எனவே களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் மூச்சுத்திணறத் தொடங்கும். நெல் போன்ற செடிகள் தண்டு வழியாக வேருக்குக் காற்றை அனுப்பிச் சமாளிக்கின்றன. மரப்பட்டையில் பழகிய வெனிலா வேருக்கு அந்த வசதி இல்லை.

திணறிப் பலவீனமான வேரைத் தேடி வருகிறது பியூசேரியம் என்ற பூஞ்சை. மண்ணில் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கக்கூடியது. வேர் பழுப்பாகி அழுகும். கொடி மேலே புதிய காற்றுவேர்களை விட்டுத் தப்பிக்கப் பார்க்கும். அவையும் மண்ணைத் தொட்டதும் அழுகும். கடைசியில் தண்டு சுருங்கி வாடிவிடும். கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிகோவில் ஒரு காலத்தில் செழித்த வெனிலாத் தோட்டங்களை அழித்தது இந்த வேரழுகல் நோய்தான். இந்தோனேசிய விவசாயிகளுக்கும் இதுதான் பெரிய தலைவலி.

நோய் இவ்வளவு எளிதாகப் பரவ இன்னொரு காரணமும் இருக்கிறது. நல்ல பனிக்கூழில் மிளகுப்பொடி தூவியதுபோல் தெரியும் கறுப்புப் புள்ளிகள் வெனிலாவின் விதைகள். ஆர்கிட் விதை என்பதால் அதற்குள் சேமித்த உணவு கிடையாது. முளைப்பதற்கு ஒரு பூஞ்சையின் துணை வேண்டும். ஆகவே யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. ஏறக்குறைய 1 மீட்டர் நீளத்துக்குக் கொடியை வெட்டி நடுகிறார்கள். ஒரே கொடியின் துண்டுகள் தோட்டம் தோட்டமாகப் பரவியிருப்பதால், மரபணுவில் வேறுபாடு மிகக் குறைவு. ஒரு கொடியை வீழ்த்தக் கற்றுக்கொண்ட பூஞ்சை, பக்கத்துக் கொடியையும் வீழ்த்தும்.

இனி, வெனிலாவுக்கு ஏற்ற மண் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே ஊகித்துவிடலாம். லேசான சரிவு இருந்தால் மழைநீர் வழிந்தோடிவிடும். மண் பொலபொலவென இருக்க வேண்டும். வேர்கள் ஆழமாகப் போகாமல் மேல்மண்ணில் 10, 15 சென்டிமீட்டருக்குள்ளேயே பரவுவதால், அந்த மேலடுக்கில் மக்கிய இலைதழை நிறைய இருக்க வேண்டும். தேங்காய் மட்டை, காய்ந்த இலை, கவாத்து செய்த கிளைகள் எல்லாவற்றையும் கொடியின் காலடியில் மூடாக்காகப் போடுவார்கள். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், மெல்ல மக்கிச் சத்தும் கொடுக்கும். காட்டின் தரையை அப்படியே நகலெடுக்கும் வேலை இது. ரியூனியன் தீவின் தென்கிழக்கில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளின்மேல் வளர்ந்த காட்டுக்குள்ளேயே வெனிலா பயிராகிறது. அங்கு ஆழமான மண்ணே கிடையாது. பாறை இடுக்கில் சேர்ந்த இலைமக்கு மட்டும்தான். நீரோ நொடியில் வடிந்துவிடும். செம்பனை அங்கே ஒரு நாள்கூடத் தாங்காது என்று நினைக்கிறேன், வெனிலாவுக்கோ அது சொந்த வீடு.

அமிலத்தன்மையையும் பார்க்க வேண்டும். பி.எச். மதிப்பு 6 முதல் 7 வரை இருந்தால் வெனிலாவுக்கு ஏற்றது. காலம் காலமாகக் கனமழையில் அலசப்பட்ட நம் நாட்டு மண்ணில் பெரும்பகுதி 4, 5 என்ற அளவில்தான் இருக்கும். சுண்ணாம்பும் மக்கிய உரமும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் வீட்டு மண் நீரை எப்படி வடிக்கிறது என்று பார்க்க விரும்பினால், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நீரை நிரப்புங்கள். அது வடிந்ததும் இரண்டாம் முறை நிரப்பி, ஒரு குச்சியை அளவுகோலாக வைத்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் அங்கே வெனிலா நடாதீர்கள். சோதனை முடிந்ததும் குழியை மூட மறக்க வேண்டாம். ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்கள் ஆகிவிடுவீர்கள்.

ஒரு காலைப்பொழுது

பூத்துவிட்டால் மட்டும் காய் வந்துவிடாது. வெளிர்பச்சை நிறமுள்ள அந்தப் பூ விடிகாலையில் மலர்ந்து, மதியம் தாண்டுவதற்குள் வாடிவிடும். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு குறுக்கே நிற்கிறது. சொந்த ஊரான அமெரிக்கக் காடுகளில் சில தேனீக்கள் அதைத் தாண்டி மகரந்தத்தைச் சேர்க்கின்றன, அதுவும் நூற்றில் ஓரிரண்டு பூக்களுக்குத்தான். அந்தத் தேனீக்கள் இல்லாத ஊர்களில் காயே பிடிக்காது. அதனால் ரியூனியனுக்குக் கொண்டுபோன கொடிகள் பல ஆண்டுகள் பூத்து உதிர்ந்தபடியே இருந்தன.

1841-இல் அந்தத் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் என்ற 12 வயதுச் சிறுவன், ஒரு சிறு குச்சியால் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்திக் காட்டினான். உங்களில் பலரைவிட இளையவன், பள்ளிக்கூடமே பார்க்காதவன். பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்ற பேராசிரியர் 1836-இலேயே கண்ணாடி வீட்டில் செயற்கை மகரந்தச் சேர்க்கை செய்திருந்தார். ஆனால் தோட்டத்தில் சில நொடிகளில் செய்து முடிக்கக்கூடிய முறையைக் கொடுத்தவர் எட்மண்ட். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபோது அவருக்கு அல்பியஸ் என்ற குடும்பப்பெயர் கிடைத்தது. கண்டுபிடிப்பின் பெருமையைத் தட்டிப்பறிக்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர் கண்ட வழியால் தீவே செழித்தது. அவர் மட்டும் 1880-இல் வறுமையில் இறந்தார். இன்றும் உலகின் ஒவ்வொரு வெனிலாத் தோட்டத்திலும் அவர் செய்ததைத்தான் கையால் செய்கிறார்கள். பழகியவர்கள் ஒரே காலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்களை முடித்துவிடுவார்களாம்.

இங்கும் வானிலை தலையிடும். காலை மழையில் மகரந்தம் நனைந்தால் அன்றைய பூக்கள் வீண். வறண்ட காற்று வீசினால் பூ சீக்கிரமே வாடிவிடும்.

புயல் வீசினால் விலை ஏறும்

2017-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி ஈனாவோ என்ற புயல் சாவா வட்டாரத்தில், அண்டலாஹா நகருக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன் 2000-இல் ஹூடா, 2004-இல் கஃபிலோ. இவை எல்லாமே காய் முற்றாத மாதங்களில் வந்தவை. தாங்குமரம் சாய்ந்தால் கொடி அறுந்துபோகும். புதிதாக நட்டு மீண்டும் 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உலகின் பெரும்பங்கு ஒரே மூலையில் விளைவதால், அங்கே ஒரு புயல் வீசினால் எல்லா நாட்டுச் சந்தைகளும் ஆடிப்போகின்றன. 2018-இல் 1 கிலோ பதப்படுத்திய வெனிலா 600 அமெரிக்க டாலர் அளவை எட்டியது. அப்போது அது வெள்ளியின் விலையைவிட அதிகம். தோட்டங்களில் திருட்டு பெருகியதால், மடகாஸ்கர் விவசாயிகள் பச்சைக் காயிலேயே ஊசியால் குத்தித் தங்கள் அடையாளத்தைப் பதிக்கிறார்கள். காய் வளர வளர அந்தத் தழும்பும் வளரும். திருடியவர் மறைக்க முடியாது.

2003-ஐ ஒட்டியும் விலை இதேபோல் ஏறியது. அப்போது கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டின் பொள்ளாச்சி என்று மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் பாக்கு, தென்னை மரங்களுக்கு இடையே ஏராளமானோர் வெனிலாக் கொடி நட்டார்கள். தட்பவெப்பம் பெரிய தடையாக இல்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் அங்கே நல்ல வறட்சி உண்டு. ஆனால் கொடி பூக்க 3 ஆண்டுகள். அதற்குள் 2005-இல் உலகச் சந்தையில் விலை தலைகுப்புற விழுந்துவிட்டது. பலர் காயைப் பறிக்கும் கூலிகூடக் கிடைக்காமல் கொடியைப் பிடுங்கி எறிந்தார்கள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி ஒருநாள் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். "டீச்சர், கெடாவுல எங்க மாமா நிலத்துல பழைய ரப்பர் மரத்த வெட்டிட்டு வெனிலா போடப் போறாராம். கன்னு விக்கிறவரு வந்து, மூணு வருஷத்துல பணம் கொட்டும்னு சொல்லிட்டுப் போனாராம். போடலாமா டீச்சர்?"

போடலாம், போடக்கூடாது என்று சொல்ல நான் யார்? மாமாவிடம் கேட்கச் சொல்லி 4 கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஊரில் எந்த மாதங்களில் மழை குறைகிறது? குழி தோண்டி நீர் ஊற்றிப் பார்த்தீர்களா? பூக்கும் காலத்தில் தினமும் காலை 7 மணிக்குக் குச்சியோடு நிற்பது யார்? பச்சைக் காயை யார் வாங்குவார்கள், யார் பதப்படுத்துவார்கள்? கன்று விற்பவருக்குக் கன்று விற்றதும் லாபம் வந்துவிடும். நடுபவருக்குத்தான் 3 ஆண்டுக் காத்திருப்பு.

கடைசிக் கேள்வி சிறியதல்ல. பறித்த காய்க்கு மணமே கிடையாது! வெனிலின், குளுக்கோஸோடு பிணைந்து கிடக்கும். காயைச் சுமார் 65 பாகை வெந்நீரில் 3 நிமிடம் முக்கி எடுத்து, கம்பளியில் சுற்றிப் புழுங்க வைப்பார்கள். அப்போது காயிலுள்ள நொதி அந்தப் பிணைப்பை அறுத்து வெனிலினை விடுவிக்கும். பிறகு வாரக்கணக்கில் தினமும் சில மணி நேரம் வெயிலில் காய்ச்சல், இரவில் போர்வைக்குள் புழுக்கம். அதன்பின் மாதக்கணக்கில் பெட்டிக்குள் முதிர்ச்சி. 5, 6 கிலோ பச்சைக் காய் சுருங்கி 1 கிலோவாகும். மடகாஸ்கரில் அறுவடைக்குப் பின் மழை குறையும் மாதங்கள் வருவதால் வெயிலில் காயவைக்க முடிகிறது. தினமும் பிற்பகலில் இடிமழை பெய்யும் ஊரில் அந்தக் காயில் பூஞ்சணம்தான் பூக்கும். உலர்த்தும் அறை கட்ட வேண்டும்.

நம் ஊரில்

கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் மழை தெளிவாகக் குறையும். தீபகற்பத்தில் வெனிலாவின் நாள்காட்டிக்கு ஓரளவு நெருங்கி வருவது அந்த வட்டாரம்தான். ஆண்டெல்லாம் ஈரமாக இருக்கும் மற்ற இடங்களில், வளர்ப்பவர்கள் வறட்சியை வரவழைக்க வேண்டியிருக்கிறது. நிழல்வலைக் கூரைக்குமேல் மழைத்தடுப்பு போட்டு, பூக்க வேண்டிய காலத்துக்கு முன் சில வாரங்கள் நீரைக் குறைப்பார்கள். கொடியின் நுனியைக் கிள்ளுவதும் உண்டு. நுனியில் உருவாகும் ஆக்சின்தான் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது என்று படித்திருப்பீர்கள். நுனி போனால் கட்டுப்பாடும் போகும். கீழே வளைந்து தொங்கும் பகுதியில் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். மண்ணை நம்பாமல், தேங்காய் மட்டைத் துண்டுகளும் மக்கிய உரமும் நிரப்பிய மேடான பாத்திகளில் நடுகிறார்கள். செலவு கூடும். ஆனால் வேர் அழுகாது.

சொல்ல மறந்துவிடக்கூடாத ஒன்று: மலேசியா, சிங்கப்பூர் காடுகளிலேயே வெனிலா இனத்துக் கொடிகள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றில் ஒன்று வெனிலா கிரிஃபித்தி. ஆசிய இனங்களின் காய்களில் கடையில் விற்கும் அளவுக்கு மணம் இல்லை, அதனால் யாரும் தேடிப் போவதில்லை. அடுத்த முறை காட்டுப்பாதையில் நடக்கும்போது, தடித்த பச்சை இலைகளோடு, கணுவுக்குக் கணு ஒரு வேரை விட்டு மரத்தைப் பற்றி ஏறும் கொடி கண்ணில் பட்டால், பறிக்காமல் நின்று பாருங்கள். அது எந்த மாதத்தில் பூத்திருக்கிறது, அதற்கு முந்தைய வாரங்களில் மழை எப்படி இருந்தது என்று குறித்து வையுங்கள்.